கொம்பன் சுறாவுக்கு அஞ்ச வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்காகப் பிரித்த கடிதங்களில் ஆறு கடிதங்கள் ஒரே மீனைப் பற்றியவையாக இருந்தன. கடலூர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் ஏலத்துக்கு வரும் கொம்பன் சுறாதான் அந்த மீன். பாடநூல்களும் தொலைக்காட்சியும் அதைச் சுத்தியல் தலைச் சுறா என்று அழைக்கின்றன. ஏறத்தாழ எல்லாக் கடிதங்களிலும் அடியில் ஓடுவது ஒரே அச்சம் என்பதால், பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை பக்கம் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே தருகிறேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி: என் கணவர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். போன மாதம் துறைமுகத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கொம்பன் சுறா கிடந்ததை என் பன்னிரண்டு வயது மகன் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து சில்வர் பீச்சில் முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட இறங்க மறுக்கிறான். அந்தச் சுறா ஆளைக் கடிக்குமா? கரையோரம் வருமா?

உங்கள் மகனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், சகோதரி. உலகெங்கும் நடக்கும் சுறாத் தாக்குதல்களை விசாரித்துக் குறித்து வைக்கும் பன்னாட்டுப் பதிவேடு ஒன்று 1958-இல் தொடங்கப்பட்டு, இன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பழைய ஆவணங்களின் துணையோடு 1580-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லும் அந்தப் பதிவேட்டில், மனிதர் சீண்டாத நிலையில் கொம்பன் சுறா கடித்ததாக உறுதி செய்யப்பட்ட நிகழ்வுகள், அதன் இனங்கள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், 20-ஐத் தொடவில்லை. அந்த நிகழ்வுகளில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. அதே பதிவேட்டில் வெள்ளைச் சுறாவின் பெயரில் 300-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளும், புலிச் சுறா, காளைச் சுறா ஆகியவற்றின் பெயரில் தனித்தனியே 100-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளும் இருக்கின்றன என்பதோடு ஒப்பிட்டால், கொம்பன் சுறா எந்த வரிசையில் நிற்கிறது என்பது விளங்கும்.

இப்படிச் சொல்வதால் அது சாதுவான மீன் என்று பொருள் கொள்ளக் கூடாது. கொம்பன் சுறாக்களில் ஏறத்தாழ பத்து இனங்கள் உண்டு. அவற்றில் நான்கு நம் இந்தியக் கடல்களில் வாழ்கின்றன. பெரிய கொம்பன் 6 மீட்டர் வரை வளரக்கூடியது. தலையின் முன்விளிம்பு அலையலையாக வெட்டுண்டது போல் இருக்கும் இனம் 4 மீட்டர் வரையிலும், முன்விளிம்பு வழவழப்பாக இருக்கும் இனம் ஏறத்தாழ அதே அளவுக்கும் வளரும். நான்காவது இனத்துக்குத் தலை இரண்டு பக்கமும் இறக்கை போல் நீண்டு, தலையின் அகலம் உடல் நீளத்தில் பாதியை எட்டும் என்றாலும், மீன் என்னவோ 2 மீட்டரைத் தாண்டுவதில்லை. முதல் மூன்றும் பருவம் எய்திய நிலையில் மனிதரைக் காயப்படுத்தும் உடல் வலிமை கொண்டவை. அந்த வலிமையை மனிதர் மீது காட்டுவதற்கு அவற்றுக்குக் காரணம் இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி.

அந்தக் காரணத்தை அடுத்த முறை துறைமுகத்தில் உங்கள் மகனுக்கு நேரிலேயே காட்டலாம். விடியற்காலையில் படகுகள் வந்து சேர்ந்து, சிமென்ட் தரையில் மீன்களைக் கூறு போடும் நேரத்தில், கொம்பன் ஒன்று கிடந்தால் அதைப் புரட்டிப் போடச் சொல்லுங்கள். மேலிருந்து பார்க்கும்போது நம்மை மிரட்டுவது அந்தத் தலைதான். புரட்டிப் போட்டவுடன், தலைக்கு அடியில், வெகு பின்னால் தள்ளி, பிறை வடிவில் இருக்கும் வாய் தெரியும். நான் சென்ற ஆண்டு பார்த்த, ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள ஒரு சுறாவின் வாய்க்குள் என் நான்கு விரல்களைப் பக்கவாட்டில் சேர்த்து வைத்தால் சற்றே இடம் மிஞ்சும் அளவுதான் அகலம் இருந்தது. அந்த உடலுக்கு அது சிறிய வாய். கடலடி மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையையும், நண்டையும், கணவாயையும், சிறு மீன்களையும் கீழ்நோக்கிக் கவ்வுவதற்கென்றே அமைந்த வாய் அது. பெரிய கொம்பனுக்குத் திருக்கை மீதுள்ள விருப்பம் சொல்லி மாளாது. திருக்கையைத் தன் அகன்ற தலையால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் இறக்கையை ஓரமாகக் கடித்துச் செயலிழக்கச் செய்துவிட்டுப் பிறகு உண்பதை ஆய்வாளர்கள் நேரில் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். வாயிலும் தாடையிலும் திருக்கை முள் பல தைத்த நிலையிலேயே உயிர் வாழ்ந்த கொம்பன்களும் அகப்பட்டிருக்கின்றன. நாம் ஒரே ஒரு முள் பட்டால் துடித்துப்போகிறோம்.

கரையோரம் வருமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. வரும், ஆனால் பெரும்பாலும் வருபவை குட்டிகள். அலைவிளிம்புத் தலையுள்ள இனத்தின் குட்டிகள் ஆழம் குறைந்த கரைக்கடலிலும் விரிகுடாக்களிலும்தான் முதற்பருவத்தைக் கழிக்கின்றன. பெரிய மீன்களுக்கு இரையாகாமல் வளர்வதற்கு அந்த ஆழமற்ற நீர் அவற்றுக்கு உதவுகிறது. பிறக்கும்போது அவை ஒன்றரை அடி நீளம்தான் இருக்கும். அவையே அஞ்சி ஒதுங்குபவை. குளிப்பவர்களின் கால் அரவம் கேட்டால் விலகிப் போய்விடும்.

உங்கள் மகன் கடலில் இறங்கும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை வேறு இரண்டு உண்டு. கெடிலம் முகத்துவாரத்துக்கு அருகிலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரை நெடுகிலும், கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டம் பெரியவர்களையே புரட்டிவிடக் கூடியது. பெரியவர் துணையின்றிச் சிறுவர் இறங்கவே கூடாது. மற்றொன்று மணலில் பதுங்கிக் கிடக்கும் சிறு திருக்கை. கால்களைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டே நடந்தால் அது அதிர்வை உணர்ந்து ஓடிவிடும். முள் குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காயத்தை அமிழ்த்தி வைத்தபடியே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். வெந்நீர் வலியைக் குறைக்கும். இவ்விரண்டையும் கற்றுக்கொடுத்துவிட்டு அவனை நீரில் இறங்க விடுங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைக்குக் கடல் அந்நியமாகிவிடக் கூடாது என்பது என் விருப்பம்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அந்தத் தலை ஏன் அப்படி இருக்கிறது? இரையை அடித்து வீழ்த்தத்தான் சுத்தியல் போல் அமைந்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

திருக்கையைத் தரையோடு அழுத்த அந்தத் தலை உதவுகிறது என்பதால் உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆயினும் ‘சுத்தியல்’ என்ற பெயர் நம்மைத் தவறான திசையில் கொண்டுபோய் விடுகிறது. அந்தத் தலையின் முதன்மைப் பணி அடிப்பது அன்று, அறிவது.

சுறாக்கள் அனைத்துக்கும் மூக்குப் பகுதியில் நுண்ணிய துளைகள் உண்டு. கூழ் போன்ற பொருள் நிறைந்த குழாய்களின் வாய்கள் அவை. இத்தாலியரான ஸ்டெஃபானோ லொரென்சினி 1678-இல் விவரித்த காரணத்தால் அவை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. உயிருள்ள எந்த மீனின் உடலிலிருந்தும் கசியும் மிக மெல்லிய மின்புலத்தை அவை உணர்கின்றன. ஒரு சென்டிமீட்டர் தொலைவுக்கு ஒரு வோல்ட்டின் 100 கோடியில் சில பங்கு என்ற அளவே போதும். கொம்பன் சுறாவுக்கு இத்துளைகள் அந்த அகன்ற தலையின் அடிப்பக்கம் முழுவதும் பரவியிருக்கின்றன. கண்ணிவெடி தேடும் வீரர் கையிலுள்ள கருவியை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடப்பது போல, கொம்பன் சுறா தலையை அசைத்தபடி கடலடியை ஒட்டி நீந்தி, மணலுக்குள் புதைந்த திருக்கையைக் கண்ணால் காணாமலேயே கண்டுபிடித்துவிடுகிறது. தலை அகன்றிருக்க இருக்க, ஒரே வீச்சில் துழாவும் பரப்பும் கூடும்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்கள் தலையின் இரு கோடிகளில் இருப்பதால் முன்னால் இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியாது என்றே பலகாலம் எண்ணப்பட்டது. 2009-இல் வெளியான ஆய்வொன்று அதைத் தலைகீழாக்கியது. இரு கண்களின் பார்வையும் ஒன்றோடொன்று பொருந்தும் பகுதிதான் தூரத்தைக் கணிக்க உதவும். சாதாரணத் தலையுள்ள சுறாக்களுக்கு அது ஏறத்தாழ 10 டிகிரியாக இருக்க, அலைவிளிம்புக் கொம்பனுக்கு 32 டிகிரியும், இறக்கைத் தலையுள்ள இனத்துக்கு 48 டிகிரியும் இருப்பது அளந்து காட்டப்பட்டது. தலைக்கு மேலும் கீழும் ஒரே நேரத்தில் அதனால் பார்க்க முடியும். பார்வை எட்டாத இடம் அதன் மூக்குக்கு நேர் எதிரே, மிக அருகில் உள்ள சிறு பகுதி மட்டுமே. அந்தக் கடைசிச் சாணுக்குத்தான் மின்னுணர்வு கைகொடுக்கிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் இந்தச் செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹவாய்க் கடலில் அலைவிளிம்புக் கொம்பன்களை ஆராய்ந்தவர்கள் 2023-இல் வெளியிட்ட முடிவின்படி, அவை இரவில் 800 மீட்டருக்கும் கீழே, நீர் 5 டிகிரி குளிரில் இருக்கும் ஆழத்துக்கு இரை தேடிப் பாயும்போது, செவுள்களை மூடிக்கொண்டு, முத்துக் குளிப்பவரைப் போல் மூச்சடக்கிச் செல்கின்றன. மீன் ஒன்று மூச்சை அடக்குகிறது என்பதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. செவுள் வழியாகத்தான் உடற்சூடு நீரில் கரைந்து வெளியேறும். அதை மூடிவிட்டால் தசைகள் குளிர்ந்து மரத்துப்போகாமல் இருக்கும்.

சோனாங்குப்பத்திலிருந்து ஒரு மீனவர்: முப்பது வருடமாகத் தொழில் செய்கிறேன். வலையில் கொம்பன் விழுந்தால் இளைஞர்கள் பக்கத்தில் போகவே தயங்குகிறார்கள். ஆனால் அது படகில் ஏறிய சற்று நேரத்தில் தானாகவே செத்துவிடுகிறது. இதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாகவும் சொல்கிறார்கள். எது உண்மை?

ஐயா, முப்பது வருட அனுபவத்தில் நீங்கள் கண்டது சரிதான். கொம்பன் சுறா இடைவிடாமல் நீந்தி, வாய்வழியே நீரைச் செவுளுக்குச் செலுத்தினால்தான் மூச்சு விட முடியும். வலையிலோ தூண்டிலிலோ சிக்கி அசைவு நின்றவுடன் அதற்கு மூச்சு முட்டுகிறது. திமிறத் திமிற உடலுக்குள் அமிலமும் பெருகுகிறது. சுறா இனங்களிலேயே பிடிபட்டால் வெகு விரைவில் உயிரை விடுபவை கொம்பன்கள்தாம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆகவே உயிரோடு விட எண்ணினால், படகில் ஏற்றாமல், நீரில் வைத்தே, தூண்டில் கயிற்றை வாய்க்கு அருகில் வெட்டிவிடுவது ஒன்றே வழி. ஏற்றிய பிறகு நேரம் கடத்தினால் அது பிழைக்காது.

இளைஞர்களின் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நான் முதல் கேள்விக்குச் சொன்ன கணக்கு, நீரில் இருக்கும் மனிதரைச் சுறா தானாக வந்து கடித்ததைப் பற்றியது. படகில் துடிக்கும் சுறாவிடம் கடிபடுவதை அந்தப் பதிவேடு சீண்டியதால் நேர்ந்தவை என்று தனியாக வகைப்படுத்துகிறது. படகுத் தளத்தில் அதன் வாலும் தலையும் ஒரே நேரத்தில் இரு பக்கமும் சுழலும். ஆளுயரச் சுறா வாலால் அடித்தால் கால் எலும்பு தாங்காது. அதன் தோலும் உப்புத்தாள் போன்றது. உராய்ந்தால் சதை பிய்யும். செத்ததாகத் தோன்றும் சுறாவும் தொட்டவுடன் தாடையை மூடக்கூடும் என்பதால், தூண்டிலை எடுக்க வாய்க்குள் கைவிடுவதை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் செய்ய வேண்டாம் என்று உங்கள் படகுப் பிள்ளைகளிடம் நீங்களே சொல்லுங்கள்; எழுத்தில் நான் சொல்வதைவிட உங்கள் சொல் அவர்களிடம் எடுபடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, கொம்பன் சுறாவின் மூன்று பெரிய இனங்கள் 2013-இல் பாங்காக்கில் நடந்த சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் உடன்படிக்கை) மாநாட்டில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. 2022-இல் பனாமாவில் கொம்பன் குடும்பம் முழுவதும் அதில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டில், துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறிவது 2013-இல் தடை செய்யப்பட்டது. எந்தச் சுறாவாயினும் அதன் துடுப்பை ஏற்றுமதி செய்வது 2015 முதல் தடையில் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்கள் 2022-இல் திருத்தி எழுதப்பட்டிருப்பதால், எந்த இனத்தைக் கரைக்குக் கொண்டுவரலாம், எதைக் கூடாது என்பதைப் படம் போட்ட பட்டியலாகக் கேட்டு மீன்வளத் துறை அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி அபராதத்துக்கு ஆளாக வேண்டாம்.

ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். அலைவிளிம்புக் கொம்பனும் பெரிய கொம்பனும் 2019 முதல், அழிவுக்கு மிக அருகில் உள்ளவை என்ற வகையில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன. பெண் சுறா 2 மீட்டரைத் தாண்டிய பிறகுதான் குட்டி போடத் தகுதி பெறுகிறது. பெரிய கொம்பன் ஏறத்தாழ 11 மாதம் சுமந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும். 2006-இல் ஃபுளோரிடாவில் தூண்டிலில் பிடிபட்ட 580 கிலோ எடையுள்ள தாயின் வயிற்றில் 55 குட்டிகள் இருந்தன. அத்தனையும் ஒரே தூண்டிலில் போயின. நம் துறைமுகத்திலும் ஒரு நாள், அறுத்த வயிற்றிலிருந்து சரிந்து விழுந்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பிறக்கும்போது தாயைக் கிழித்துவிடாமல் இருப்பதற்காக அவற்றின் தலைக் கொம்புகள் பின்னோக்கி, வெற்றிலையை மடித்தது போல மடிந்திருந்தன. விரலால் தொட்டபோது குருத்து போல வளைந்தன. ஐயா, கூடையில் ஒன்றரை அடிக் குட்டிகள் மட்டுமே விழும் இடத்தை உங்களால் அடையாளம் காண முடியும். அந்த இடத்தில், அந்தப் பருவத்தில், வலை விரிக்காமல் விலகிப் போக முடிந்தால், உங்கள் பேரப் பிள்ளைகளும் கொம்பனைப் பார்ப்பார்கள்.

வில்லியனூரிலிருந்து ஒரு வாசகி: என் மகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. பால் நன்றாகச் சுரக்கச் சுறாப் புட்டு செய்து கொடுக்க வேண்டும். பால்சுறா கிடைக்கவில்லை, கொம்பன் சுறாதான் சந்தையில் இருக்கிறது. கொடுக்கலாமா?

அம்மா, கொடுக்க வேண்டாம். கொம்பன் சுறாவால் மனிதருக்கு ஆபத்து உண்டா என்று கேட்டால், நம் ஊரைப் பொறுத்தவரை அது பல்லில் இருப்பதைவிடச் சட்டியில்தான் அதிகம் இருக்கிறது என்பேன்.

கடலில் கலக்கும் பாதரசம், நுண்ணுயிர்களால் மீத்தைல் பாதரசமாக மாறி, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏற ஏறச் செறிந்துகொண்டே போகிறது. திருக்கையையும் சிறு சுறாக்களையும் தின்று, நெடுங்காலம் வாழும் கொம்பன் சுறாவின் சதையில் அது மிகுதியாகத் தங்குகிறது. குழந்தையின் மூளையும் நரம்பும் வளரும் காலத்தில் அது தீங்கு விளைவிக்கும். கருவுற்றிருக்கும்போது தொப்புள்கொடி வழியாகவும், ஓரளவு தாய்ப்பால் வழியாகவும் அது குழந்தையைச் சென்றடையும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சிறுவரும் தவிர்க்க வேண்டிய மீன்களின் வரிசையில் சுறாவை வைத்திருக்கிறது. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தாலோ, தோலை உரித்தாலோ, கருவாடாக்கினாலோ பாதரசம் போகாது. அது சதையிலேயே பிணைந்திருக்கிறது. சுறாவைக் கழுவும்போது எழும் நெடி வேறு. சுறாவின் இரத்தத்திலுள்ள யூரியா, செத்த பிறகு அம்மோனியாவாக மாறுவதால் வருவது அது. அந்த நெடி போய்விட்டால் மீன் சுத்தமாகிவிட்டது என்று எண்ணக் கூடாது.

பால்சுறா சிறியது என்பதால் அதில் பாதரசம் குறைவாகத்தான் இருக்கும். ஆயினும் அந்த அறிவுரை சுறா என்ற வகை முழுவதற்கும் சொல்லப்பட்டது. உங்கள் தாயும் பாட்டியும் கைப்பக்குவமாகச் செய்து கொடுத்த உணவை வேண்டாம் என்று எழுதுவது எனக்கும் எளிதாக இல்லை. அதே இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், மிளகுத் தூளோடு நெத்திலியையோ கவலை மீனையோ முள் நீக்கி, உதிர்த்துப் புட்டாகச் செய்து கொடுங்கள். சிறிய மீன்களில் பாதரசம் மிகக் குறைவு; பாலூட்டும் தாய்க்கு வேண்டிய புரதமும் நல்ல கொழுப்பும் அவற்றில் நிறைய இருக்கின்றன.

புதுச்சேரியிலிருந்து ஓர் இளைஞர்: முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். ஸ்கூபா முக்குளிப்புப் பழகுகிறேன். நீருக்கடியில் கொம்பன் சுறா எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் மூச்சைச் சீராக வைத்துக்கொள்ள வேண்டும். முக்குளிப்பவரைச் சுறாவைவிடப் பதற்றம்தான் எளிதில் கொல்லும். பதறி வேகமாக மேலே எழும்புவது, உங்கள் பயிற்சியாளர் சொல்லியிருப்பது போல, நுரையீரலுக்கே ஊறு விளைவிக்கும்.

பசிபிக் பெருங்கடலில் கோகோஸ் தீவு, கலாபகோஸ் தீவுகள் முதலிய இடங்களில் நூற்றுக்கணக்கான அலைவிளிம்புக் கொம்பன்கள் கூட்டமாக நீந்துவதைப் பார்ப்பதற்கென்றே முக்குளிப்பவர்கள் செல்கிறார்கள். நாம் விடும் காற்றுக் குமிழ்களின் ஒலிக்கே அவை மிரண்டு விலகுவதால், நெருங்கிப் பார்ப்பதுதான் அங்கே கடினம். பெரிய கொம்பன் சற்றே துணிச்சலானது. அறியும் ஆவலில் அருகில் வந்து சுற்றிப் பார்க்கும். அப்போது செங்குத்தாக நின்று, முகத்தை அதன் பக்கமே வைத்திருங்கள். கைகளைத் துழாவாமல் உடலோடு சேர்த்துக்கொண்டு, பின்வாங்குவதானால் மெதுவாகப் பின்வாங்குங்கள். தொட முயல வேண்டாம். துணைவர் யாரேனும் மீன் குத்திக்கொண்டிருந்தால் அந்த மீனை உடனே விட்டுவிட வேண்டும். இரத்த வாடையும் துடிக்கும் மீனின் அதிர்வும் இருக்கும் இடத்தில் எந்தச் சுறாவின் போக்கும் மாறக்கூடும்.

பாகூரிலிருந்து ஓர் ஆசிரியை: ‘புதுச்சேரி சுறா’ என்று ஒரு சுறா உண்டாமே? அதுவும் கொம்பன் சுறா வகையா? மனிதருக்கு ஆபத்தானதா?

உண்டு, ஆனால் கொம்பன் வகை அன்று. நம் ஊரின் பெயரைத் தாங்கிய அந்தச் சுறாவை 1839-இல் ஜெர்மானிய அறிஞர்களான முல்லரும் ஹென்லேயும் அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள். முழு வளர்ச்சியிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் இருக்கும் சிறு மீன் என்பதால் மனிதருக்கு அதனால் ஆபத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்யப்பட்ட கடைசிப் பதிவு 1979-ஐச் சேர்ந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001-இலேயே, புலிக்கும் யானைக்கும் அளிக்கப்படும் அதே உயர்ந்த பாதுகாப்போடு, திமிங்கலச் சுறாவுடனும் வாள்சுறா இனங்களுடனும் அது சேர்க்கப்பட்டது. சட்டம் வந்தபோதே அதைக் கண்டவர் இல்லை.

கொம்பனைப் பற்றிய பக்கத்தில் இக்கேள்விக்கு இடம் தந்ததற்குக் காரணம் உண்டு, அம்மா. கொம்பன் குட்டியாக இருந்தாலும் தலையைப் பார்த்து எவரும் அடையாளம் சொல்லிவிடலாம்; பெயரிட்டு அழைக்கப்படும் மீன் எப்போது குறைந்தது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும். புதுச்சேரி சுறாவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கூடையில் கிடக்கும் பல சிறு சுறாக்களைப் போலவே சாம்பல் நிறம், கூர்ந்து நீண்ட மூக்கு, மார்புத் துடுப்பிலும் இரண்டாவது முதுகுத் துடுப்பிலும் வாலின் கீழ்ப்பகுதியிலும் கருமை முனை. கருமுனைத் துடுப்புள்ள சிறு சுறாக்கள் வேறு பல இருப்பதால், அது வலையில் வந்திருந்தாலும் பிறவற்றோடு கலந்து விற்றுப்போயிருக்கும்.

உங்கள் மாணவர்களில் பலர் நல்லவாட்டிலிருந்தும் வீராம்பட்டினத்திலிருந்தும் வருபவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கருமுனைத் துடுப்போடு கூர்மூக்குச் சிறு சுறா ஒன்று அகப்பட்டால், அறுப்பதற்கு முன், பக்கவாட்டில் ஒரு படம், அடிப்பக்கத்தில் மூக்கும் வாயும் தெரிய ஒரு படம், மேல்தாடைப் பற்களை நெருக்கத்தில் ஒரு படம் என மூன்று படங்களை, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, கைப்பேசியில் எடுக்கச் சொல்லுங்கள். அகலமான அடிப்பாகத்தில் இருபுறமும் சிறு கூர்முனைகள் முளைத்திருக்கும் மேற்பற்களே அதன் அடையாளம் என்பதால் மூன்றாவது படம்தான் முக்கியம். படங்களைப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்துக்கு அனுப்பலாம். மீன் எந்தக் கரையில், எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழத்தில், எந்த வலையில் பட்டது என்பதையும் ஒரு வரியில் எழுதி இணைத்தால், பார்ப்பவர்களுக்கு மிகவும் உதவியாக இருக்கும்.